இருபத்தேழு நாளைக்கு ஒருமுறை சொட்டிய சீலிங்

நீர்க்கசிவைக் கண்டுபிடிக்க இப்போது கேமரா வந்துவிட்டது. சுவரை நோக்கிப் பிடித்தால் ஈரமான இடம் நீலமாகவும் காய்ந்த இடம் மஞ்சளாகவும் தெரியுமாம். நான் வேலை பார்த்த கம்பெனி அதை வாங்கிய மறுவாரமே, அங்கே இன்னும் வேலையில் இருக்கும் பாண்டி போன் செய்தார்.

"அண்ணே, வீடு முழுக்க நீலமாத் தெரியுது. எங்கெ உடைக்கிறதுன்னு ஒண்ணும் பிடிபடல."

"அந்த வீட்டுக் காலண்டரப் பாத்தியா மாப்ள?" என்றேன்.

பாண்டி மிகவும் கனிவாக, "அண்ணே, மாத்திரையெல்லாம் நேரத்துக்குச் சாப்பிடுறீகளா?" என்று கேட்டார்.

எனக்கு வயது ஐம்பத்தாறுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றது மூளையால் அல்ல, முழங்காலால். குத்தவைத்து உட்கார முடியாத பிளம்பர், நீந்தத் தெரியாத மீன் மாதிரி. பார்வைக்கு லட்சணமாக இருக்கலாம், வேலைக்கு ஆகாது. காலண்டர் என்று நான் ஏன் சொன்னேன் என்பதைப் போனில் விளக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் படித்தது பி.ஏ. வரலாறு. பேரரசுகள் ஏன் விழுந்தன என்பதற்கு எட்டுக் காரணங்கள் சொல்வேன். அதைக் கேட்டு வேலை கொடுக்க மதுரையில் ஆள் இல்லை. என் மாமா ஒருவர் பைப் ரெஞ்சைக் கையில் கொடுத்தார். முதல் மூன்று வருஷம் பைப் தூக்கினேன், அடுத்த மூன்று வருஷம் பைப் மாட்டினேன், அதற்கடுத்த வருஷங்களில் நான் மாட்டிய பைப்புகளில் எவை ஒழுகுகின்றன என்று தேடப் போனேன். பயிற்சிக் காலம் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. மத்தியான இடைவேளைகளில் சிமெண்ட் மூட்டை மீது சாய்ந்து நூலகப் புத்தகம் படித்தேன். சில புத்தகங்களை என் கைத்தடத்தோடு திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அதற்காக நூலகர் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு ஒரு கட்டடப் பராமரிப்புக் கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். அங்கே எனக்கு மேலே இருந்தவர் செல்வராணி மேடம். சிவில் இன்ஜினியர், என்னைவிட நான்கு வயது இளையவர். என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அந்த அண்ணேயில் ஒரு மாதிரியான கண்டிப்பு இருக்கும். ஆட்டோவை நிறுத்தக் கை காட்டுகிற மாதிரி.

மேடம் எந்த வீட்டுக்குப் போனாலும் பாத்ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிடுவார். கோயிலுக்குள் போவது போல வெறுங்காலோடு நுழைந்து, ஒவ்வொரு டைல்ஸாக மெதுவாக மிதித்து நடப்பார். அடியில் பிடிப்பு விட்ட டைல்ஸ் பாதத்துக்குத் தெரியும் என்பார். சாவிக்கொத்தால் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று, இந்த அம்மாவுக்குச் சாமி வந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். கைப்பையில் சீப்பு, கண்ணாடி எல்லாம் கிடையாது. கேசரிப் பவுடர் டப்பா இருக்கும். சந்தேகப்படுகிற தண்ணீரில் அதைக் கலக்கிவிட்டுக் காத்திருப்பார். கீழ் வீட்டில் எங்கே ஆரஞ்சு நிறம் வருகிறதோ அதுதான் வழி. ஒரு வீட்டில் பூஜை அறைச் சுவரில் ஆரஞ்சு வழிந்து, நாங்கள் போய்ச் சேருவதற்குள் அங்கே ஊதுபத்தி ஏற்றிவிட்டார்கள்.

அவரிடம் இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, எந்த ரிப்போர்ட்டிலும் நமக்குத் தெரியாததைத்தான் முதலில் எழுத வேண்டும். இரண்டாவது, கீழே நின்றுகொண்டு "மேல இருந்து ஒழுகுது" என்று சொல்லக் கூடாது. "இங்கெ ஈரம் இருக்குன்னு மட்டும் சொல்லுங்கண்ணே. மேலன்னு சொன்னா அது ஒரு ஆளு மேல சொல்றது."

அந்த இரண்டாவது விதியை நான் மீறிய கதைதான் இது.

அவனியாபுரம் பக்கம், விமானங்கள் சக்கரத்தை இறக்கிக்கொண்டு தாழப் பறக்கிற பகுதியில், ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர் சோலைமலையும் அவர் மனைவி தங்கம்மாளும். சோலைமலை பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மேலே ஜமீலா டீச்சர் குடும்பம் வாடகைக்கு. ஜமீலா பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவருக்குக் கீழவாசலில் பாத்திரக் கடை. இரண்டு பெண்கள், பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு, சின்னவள் பத்தாம் வகுப்பு.

மாடியில் இரண்டு பாத்ரூம்கள், ஒரே சுவரின் இரண்டு பக்கமும் முதுகோடு முதுகு சாய்ந்து நிற்கும். ஒன்று ஜமீலா வீட்டுக்குள் இருந்தது. மற்றொன்று, படிக்கட்டு முடிகிற இடத்தில் தனி வாசல் உள்ள ஒரு அறையோடு சேர்ந்தது. அந்த அறை பூட்டிக் கிடந்தது. இரண்டுக்கும் நேர் கீழே சோலைமலையின் ஹால். ஹால் சீலிங்கில் ஈரம்.

முதல் தடவை நான் மட்டும் போனேன். ஹாலில் பாய் விரிக்கச் சொல்லி மல்லாந்து படுத்தேன். சீலிங்கைப் பார்க்க அதைவிடச் சரியான ஏற்பாடு கிடையாது. ஈரத்தின் ஓரம் பழுப்பாக, உள்ளே வெளுப்பாக, ஆறு ஒன்று கடலில் கலக்கிற இடத்தின் வரைபடம் போல இருந்தது. நடுவில் ஒரு சொட்டு திரளும். கனத்து, நீண்டு, யோசித்து, விழாமல் நிற்கும். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேலே விமானம் ஒன்று இறங்கியபோது அந்தச் சொட்டுக்குள் ஒரு சிறு நடுக்கம் ஓடியது. உலகத்தில் அவசரமாக எதுவும் இல்லை என்று தோன்றியது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ, சொட்டு என் நெற்றியில் விழுந்துதான் எழுந்தேன். தொழில்முறை ஆய்வின் நடுவில் நான் தூங்கியதைத் தங்கம்மாள் பார்த்தார். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. நல்ல மனுஷி.

"மேல பாத்ரூம்ல இருந்துதான் சார் ஒழுகுது," என்றேன் சோலைமலையிடம். தூங்கியதை மறைக்கக் கொஞ்சம் அழுத்தமாகவே சொன்னேன்.

"நான் சொல்லல?" என்று மனைவியைப் பார்த்தார் அவர். "அஞ்சு வேளையும் தொழுகைக்குக் கைகால் கழுவுறாங்க. அம்புட்டுத் தண்ணியும் எங்கெ போகும்?"

ஜமீலா வீட்டு பாத்ரூமில் டைல்ஸ் இடுக்குகள் அங்கங்கே விட்டுப்போயிருந்தன. எந்தப் பாத்ரூமில்தான் விட்டுப்போகவில்லை. எல்லாவற்றையும் அடைத்தேன். இரண்டு நாளில் கீழே சொட்டுவது நின்றது. என் மீது எனக்கு மரியாதை கூடியது.

கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்து மறுபடி சொட்டியது. போனேன். இந்தத் தடவை குழாயடி ஜாயிண்டுகளை எல்லாம் மாற்றினேன். இரண்டு நாளில் நின்றது. நான் போகாமல் வீட்டில் படுத்திருந்தாலும் இரண்டு நாளில் நின்றிருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. சளிக்கு மருந்து கொடுத்துப் பேர் வாங்குகிற வைத்தியரின் நிலைமையில் இருந்தேன்.

மூன்றாவது தடவை போனபோது ஜமீலா கதவைத் திறந்தார். கையில் திருத்துகிற விடைத்தாள் கட்டு.

"வாங்கண்ணே. நீங்க வந்துபோன ரெண்டு தடவையும் எங்க பாத்ரூம் அழகாயிருச்சு. ஒழுகுறதுதான் நிக்கல."

"இன்னொரு தடவை பாத்துருவோம் டீச்சர்."

"பாருங்க. ஆனா சார் இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாரு. பிளம்பரே மேல இருந்துதான்னு சொல்லிட்டாருன்றாரு. நீங்கதானே அந்தப் பிளம்பர்?"

நான்தான் என்று கையிலிருந்த பைப் ரெஞ்சைப் பார்த்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் ஜமீலா. "நாங்க கைகால் கழுவுறது தெனமும் அஞ்சு தடவ. ஒழுகுறது மாசத்துக்கு ஒரு தடவ. எங்க வகுப்புல எட்டாங்கிளாஸ் பையன்கூட இது பொருந்தலன்னு சொல்லிருவான். இந்த வீடு கிடைக்கப் பதினோரு வீடு ஏறி எறங்குனோம் அண்ணே. பேரச் சொன்னதும் பாதிப் பேரு, வீடு ஏற்கெனவே பேசியாச்சும்பாங்க. ரெண்டு பிள்ளைக்கும் பொதுத்தேர்வு. இப்ப போயி நான் எங்கெ வீடு தேட?"

உள்ளே இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு பாடங்களும் ஒன்றாகக் கலந்து, மழைக்கு முன்னால் கேட்கிற தவளைச் சத்தம் மாதிரி இருந்தது. நான் அன்று எந்த ஜாயிண்டையும் தொடவில்லை. நேரே ஆபீசுக்குப் போய் மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன்.

மேடம் திட்டவில்லை. "மேல இருந்துன்னு சொல்லிட்டீங்களா," என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் சாயங்காலத்துக்குள் மறந்திருப்பேன்.

மறுநாள் இருவரும் போனோம். மேடம் செருப்பைக் கழற்றினார். ஜமீலா வீட்டுத் தண்ணீர் லைனைப் பம்பு வைத்து அழுத்தி, அழுத்த மீட்டரின் முள் இறங்குகிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்தோம். இறங்கவில்லை. தரையில் தண்ணீர் இறங்குகிற வாயைத் துணி சுற்றி அடைத்து, நான்கு விரற்கடை உயரம் தண்ணீர் கட்டி, கேசரிப் பவுடரைக் கலந்து, ஒரு பகலும் ஒரு இரவும் விட்டோம். ஜமீலாவின் சின்னப் பெண் வந்து எட்டிப் பார்த்து, "அம்மா, பாத்ரூம் ஃபுல்லா ஃபேண்டா," என்று போனாள். கீழே ஆரஞ்சு நிறத்தில் ஒரு சொட்டும் இல்லை. அடைப்பை எடுத்து ஒரே மூச்சில் திறந்துவிட்டோம், கழிவுக் குழாயில் ஓட்டை இருந்தால் அப்போது தெரியும். தெரியவில்லை. மூன்று நாள் காத்திருந்தோம். ஹால் சீலிங் காய்ந்து, வெளுத்து, நிம்மதியாகத் தூங்கியது.

"பூட்டுன ரூம் பாத்ரூமையும் பாக்கணும் சார்," என்றார் மேடம்.

சோலைமலைக்கு முகம் மாறியது. "அதுல என்னத்தப் பாக்க. ஆறு வருஷமா ஒரு சொட்டுத் தண்ணி விழுகாத எடம். சாவியும் தொலைஞ்சு போச்சு."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. புழங்காத பாத்ரூம் எப்படி ஒழுகும். அந்த அறை அவர்கள் மகளுடையது என்று ஜமீலா பிறகு சொன்னார். மகள் மலர்விழி தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு திருப்பூர் பக்கம் போய்விட்டாள். அன்றைக்குப் பூட்டிய பூட்டு. அவள் பேரைக்கூட அந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்பது சோலைமலையின் உத்தரவு. ஆறு வருஷமாக யாரும் எடுக்கவும் இல்லை.

மேடம் தன் காகிதத்தில் முதல் வரியாக "பூட்டிய பாத்ரூம் – தெரியாது" என்று எழுதினார். பிறகு தங்கம்மாளிடம், "என்னென்னிக்கு ஒழுகுச்சுன்னு ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டார்.

தங்கம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைக் காட்டினார். வாளி வைத்த நாளுக்கெல்லாம் பென்சிலால் ஒரு சின்னச் சொட்டு வரைந்திருந்தார். எட்டு மாதத்துக்கு எட்டு, ஒன்பது சொட்டுகள். வால் வைத்து, அழகாக. வேறு எவராவது வரைந்திருந்தால் ஓவியம் என்று சட்டம் போட்டிருப்பார்கள்.

மேடம் எண்ணினார். "இருபத்தேழு. இருபத்தேழு. இது இருபத்தெட்டு. மறுபடி இருபத்தேழு. வாரக் கணக்கும் இல்ல, மாசக் கணக்கும் இல்ல. இருபத்தேழு நாளைக்கு ஒருக்க என்னண்ணே வரும்?"

வரலாறு படித்ததற்கு அந்த ஒரு நாள் பலன் கிடைத்தது. பழைய கல்வெட்டுகளில் நாள் குறிக்கிற முறை எனக்குத் தெரியும். "நட்சத்திரம் வரும் மேடம்," என்றேன்.

காலண்டரின் கட்டங்களுக்குள் எறும்பு எழுத்தில் நட்சத்திரம் போட்டிருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தேன். ஒவ்வொரு சொட்டுக்கும் முந்தின கட்டத்தில் கார்த்திகை. மதுரையில் ஒரு பைப்புக்கு ஜாதகம் பார்த்த முதல் பிளம்பர் நானாகத்தான் இருக்க வேண்டும்.

"அதத்தான் தம்பி நானும் நெனப்பேன்," என்றார் தங்கம்மாள். "கார்த்திகை தவறாம குன்றத்துக்குப் போயிருவேன். காலைல போனா மத்தியானம்தான் வருவேன். மறுநாப் பாத்தா சொட்டும். முருகன் எதுக்கு இப்பிடிச் சோதிக்கிறான்னு தெரியல."

சோலைமலை செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். மேடம் அதைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "கார்த்திகை – காரணம் தெரியாது" என்று இரண்டாவது வரி எழுதினார்.

அடுத்த கார்த்திகை ஒரு சனிக்கிழமை வந்தது. ஜமீலா வெள்ளிக்கிழமை சாயங்காலமே கணவரையும் பெண்களையும் கூட்டிக்கொண்டு கீழவாசல் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அவர் வீட்டுக்குப் போகிற வால்வை மூடி, பாத்ரூம் கதவில் டேப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். இனி அந்தப் பக்கம் தண்ணீர் என்ற பேச்சுக்கே இடமில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வந்து பார்ப்பதாகச் சோலைமலையிடம் சொல்லியிருந்தோம். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. காலையிலேயே ஷேர் ஆட்டோ ஏறிவிட்டேன்.

கேட் திறந்திருந்தது. ஹாலில் ஆள் இல்லை. வீட்டின் பக்கவாட்டுச் சந்தில், மாடியிலிருந்து இரண்டு கழிவுக் குழாய்கள் சுவரோடு இறங்கும். வெயில் அந்தச் சந்துக்குள் முழுதாக வராது. பச்சையும் சாம்பலுமாக, கிணற்றுக்குள் நிற்கிற மாதிரி ஒரு வெளிச்சம். ஜமீலா பக்கத்துக் குழாயில் கை வைத்தேன். சும்மா இருந்தது. மற்ற குழாயிலும் வைத்தேன், ஒரு சடங்குக்காக. அது குளிர்ந்திருந்தது. உள்ளங்கைக்குள் யாரோ மெதுவாக எழுதுகிற மாதிரி அதிர்ந்தது. காதை வைத்துக் கேட்டேன். ஆறு வருஷமாகத் தண்ணீர் விழாத பாத்ரூமிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் நின்றது. மறுபடி ஒரு வாளி அளவு இறங்கியது. நான் எவ்வளவு நேரம் ஒரு கழிவுக் குழாயைக் கட்டிக்கொண்டு நின்றேன் என்று சொல்ல மாட்டேன்.

மாடிப்படி ஏறினேன். பூட்டிய அறை திறந்திருந்தது. கட்டிலில் விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. பினாயில் வாசனை. பாத்ரூமுக்குள் சோலைமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குத்தவைத்து, ஒரு பிரஷால் தரையின் மூலையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சுவர்க் கண்ணாடியின் ஓரத்தில் பழைய ஒட்டுப் பொட்டுகள், சிவப்பு, கறுப்பு, மெரூன், வரிசையாக. அவற்றை விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் துடைத்திருந்தார். சோப்புப் பெட்டியில் உறை பிரிக்காத சோப்பு. கம்பியில் மடித்துப் போட்ட புதுத் துண்டு. மேல் ஜன்னல் கண்ணாடிப் பட்டைகள் வழியாக வெயில் ஈரத்தரையில் விழுந்து சுவரெல்லாம் அசைந்தது. அறையே தண்ணீருக்கடியில் இருப்பது போலத் தோன்றியது. அந்த இடத்தில் நான் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். கழற்றினேன்.

அந்தச் சத்தத்துக்கு அவர் திரும்பினார்.

என்னைக் கண்டதும் பிரஷை வாளிக்குள் போட்டார்.

"சாயங்காலம் வாரேன்னுதானே சொன்னீக."

"ஆமா சார்."

"எத்தன வாளி ஊத்தப் போறேன், எட்டு வாளி. பத்து வாளி. அதுல சீலிங் ஒழுகிருமாக்கும்? தெனமும் புழங்குறவுகள விட்டுட்டு இங்கெ வந்து நிக்கிறீக."

"உங்க பொண்ணு வாராகளா சார்?"

"யாரும் வரல," என்றார். "புழங்காம விட்டா கரப்பான் ஏறும். அதுக்குக் கழுவுறேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன். இத எழுத வேணாம். டீச்சரம்மா பாத்ரூம்னே எழுதிருங்க. அவுகளுக்கு வேற வீடு கிடைக்கும். நான் சம்சாரத்துக்கிட்ட ஆறு வருஷமா இந்த ரூம் பக்கம் எட்டிப் பாத்தா காலை ஒடைப்பேன்னு சொல்லிட்டு இருக்கேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு…"

எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் மனுஷன் முழங்கால் வரை நனைந்து, தோளில் ஈரத்துணியோடு, பள்ளிக்கூடத்தில் முட்டி போட்ட பையன் மாதிரி இருந்தார். அதோடு, இரண்டு தடவை தவறான பாத்ரூமைப் பழுது பார்த்தவன் எந்த மூஞ்சியோடு அடுத்தவர் மூஞ்சியைப் பற்றிப் பேசுவது.

மேடம் கொடுத்திருந்த டப்பாவை எடுத்தேன். "சார், இந்தப் பவுடரக் கடைசி வாளில கலக்கி நீங்களே ஊத்துங்க. நாளைக்குக் கீழ ஆரஞ்சு வரலைன்னா, நீங்க சொன்ன மாதிரியே எழுதித் தாரேன்."

"வந்தா?"

"வந்தா டீச்சர் வீட்ட விட்டுப் போக வேண்டியதில்ல."

அவர் யோசித்தார். தன் பத்து வாளி மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. டப்பாவை வாங்கி வாளியில் கொட்டி, கையாலேயே கலக்கினார். ஊற்றினார். ஆரஞ்சுத் தண்ணீர் ஒரு சுற்றுச் சுற்றி, தரைத் துவாரத்தில் இறங்கியது. இறங்குகிற இடத்தில் வாயைச் சுற்றி, விட்டு ஒரு வருஷம்கூட ஆகாத மெல்லிய பிளவு ஒன்று இருந்தது. அதிலும் கொஞ்சம் இறங்கியது. என் கண்ணுக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

பாத்ரூம் தரைக்கு அடியில் ஒரு முழம் பள்ளம் விட்டு, செங்கல் ஜல்லி நிரப்பித்தான் டைல்ஸ் போடுவார்கள். பிளவு வழியாக இறங்கிய தண்ணீர் அந்த ஜல்லிக்குள் அவசரமில்லாமல் அலையும். ஒரு செங்கல் துண்டு குடித்து, அடுத்ததற்குக் கொடுத்து, பக்கத்துப் பாத்ரூம் சுவர் வரை ஊர்ந்து போய், தளத்தில் ஒரு மயிரிழை கண்டு, மறுநாள்தான் கீழே எட்டிப் பார்க்கும். பத்து வாளியும் தீர்ந்ததும் நின்றுவிடும். இதை எழுதுவது சுலபம். அன்று ராத்திரி முழுவதும் கண்ணை மூடினால் அந்த ஆரஞ்சு நிறம் ஜல்லிக்குள் வழி தேடிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மேடமும் நானும் போனபோது தங்கம்மாள் ஏற்கெனவே வாளியை வைத்திருந்தார். மாடியில் டேப் கிழியாமல் இருந்தது, என் கையெழுத்தும் அப்படியே. ஜமீலா அப்போதுதான் பெண்களோடு திரும்பி வந்து, படியில் பையை வைத்துவிட்டு ஹாலுக்குள் வந்து நின்றார். நால்வரும் சீலிங்கைப் பார்த்தோம். சோலைமலை தரையைப் பார்த்தார். ஈரத்தின் நடுவில் சொட்டு திரண்டது, நீண்டது, விழுந்தது. வெளிறிய ஆரஞ்சு.

"இது எந்தப் பாத்ரூம் தண்ணி?" என்றார் தங்கம்மாள்.

"பூட்டுன பாத்ரூம் தண்ணிம்மா," என்றார் மேடம். அவர் குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. ஜமீலா படியில் வைத்த பையை எடுத்துக்கொண்டு, பெண்களோடு மேலே போனார்.

பூட்டிய அறையில் யார் தண்ணீர் ஊற்றியது என்று தங்கம்மாள் கேட்பார் என்று காத்திருந்தேன். நான்தான் ஊற்றினேன், சோதனைக்காக, என்று சொல்ல ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. கணவரின் கையைப் பார்த்தார். எத்தனை தடவை சோப்புப் போட்டாரோ, நகக் கண்களில் ஆரஞ்சு அப்படியே இருந்தது.

"குன்றத்துல பூசை பத்தரைக்கெல்லாம் முடிஞ்சிரும்," என்றார் தங்கம்மாள். "ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு ஒரு மணிக்கு வாரேனே, எதுக்குன்னு நெனச்சீக?"

சோலைமலை நிமிர்ந்தார்.

"கழுவுறது தெரியும். அதுனாலதான் ஒழுகுதுன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்தப் புள்ளைகள இம்புட்டு நாள் நோகவிட்டுருப்பனா. போயிச் சொல்லிட்டு வாங்க."

மேடம் ரிப்போர்ட்டை எழுதி முடித்தார். தெரியாதது என்று எழுத அன்று எதுவும் இல்லாததால் முதல் வரியை வெறுமையாக விட்டார். அதைச் சோலைமலை வாங்கிப் படித்தார். நாங்கள் மூவரும் படியேறினோம். நடுப்படியில் சோலைமலை ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். அது வயசால் வாங்கிய மூச்சு இல்லை.

ஜமீலா கதவைத் திறந்து நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"டீச்சர்," என்றார் சோலைமலை. "எங்க மலர் பாத்ரூம்லதான் கோளாறு. அத ஒடைச்சு வேல பாக்கப் போறோம்."

கீழே ஹாலில் வாளியை நகர்த்திக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"அப்ப எங்க பாத்ரூம்ல இல்ல," என்றார் ஜமீலா.

"இல்ல."

"அந்தப் பேப்பர்ல எனக்கொரு காப்பி வேணும் சார். நீங்க கையெழுத்துப் போட்டு. அடுத்த வீட்டுக்காரரு, ஏன் காலி பண்ணீங்கன்னு கேப்பாரு. காட்டணும்."

"அடுத்த வீடு எதுக்கு டீச்சர்?" என்றார் சோலைமலை.

ஜமீலா அவரைப் பார்த்தார். விடைத்தாளில் சரியான விடையை எழுதி, வழிமுறையை எழுதாமல் விட்ட மாணவனைப் பார்க்கிற பார்வை.

"அதையும் எழுதிக் குடுங்க."

சோலைமலை படியில் உட்கார்ந்தார். மேடம் பேனாவை நீட்டினார். முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதினார், நிறுத்தினார், மறுபடி எழுதினார். ஜமீலா வாங்கி, நின்ற இடத்திலேயே இரண்டு தடவை படித்தார். மடித்து உள்ளே கொடுத்தார். பெரியவள் வாங்கிக்கொண்டு போனாள்.

"என்னிக்கு உடைக்கிறீங்க?" என்று என்னிடம் கேட்டார் ஜமீலா.

"நாளைக்கே ஆரம்பிச்சிரலாம் டீச்சர். ஆளு ரெடியா இருக்கு."

"நாளைக்கு வேணாம். சின்னவளுக்குப் புதன்கிழமை கணக்குத் திருப்புதல் தேர்வு. சத்தம் ஆகாது. வியாழக்கிழமை வச்சுக்கோங்க."

சோலைமலை என் பக்கம் திரும்பினார்.

"கேட்டுச்சுல்ல தம்பி. வியாழக்கிழமை."

வியாழக்கிழமைதான் உடைத்தோம்.